மாடி ஜன்னல், இரண்டாம் பாகம்

நுஸ்ராவைப் பெண் பார்க்க வந்த நாலாவது கூட்டமும் கேட்டுக்கு வெளியே இறங்கி, வீடு தெரிகிற மாதிரி நின்று படம் எடுத்துக்கொண்டு, வேனில் ஏறிப் போய்விட்டது.

அவள் உம்மா ஜெஸ்லா, வந்தவர்களுக்கென்று அவித்த வட்டிலப்பத்தை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

"இதையும் நாமதான் தின்னணும்."

அவள் புருஷன் நிஸ்தார் அலுவிகாரையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். போன வருஷம் ஒரு பேய்ப் படத்துக்கு ஒரு கிழமை வீட்டைக் கொடுத்திருந்தார். படத்தில் வெள்ளைச் சாரி கட்டிய பேய் மாடி ஜன்னலில் நின்று தலை வாரும். அதைப் பார்த்தவர்கள் செத்துப்போவார்கள். அது நுஸ்ராவின் அறை ஜன்னல். படம் யூடியூபில் நன்றாக ஓடியது. அதன்பிறகு காஸ் கொண்டுவருகிறவன்கூட சிலிண்டரைச் சந்தியிலேயே வைத்துவிட்டுப் போன் பண்ணுகிறான்.

மகளுக்கு இருபத்தாறு முடிகிறது. நிஸ்தார் டைரக்டர் டிலக்சனை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, ரெண்டாம் பாகம் எடுங்க. வீடு சும்மா தாறேன். ஆனா கடைசில பேயே இல்லண்டு காட்டணும்."

"பேய் இல்லாம பேய்ப் படமா, நானா?" நிஸ்தாரை அவன் அண்ணன் முறைக்கு நானா என்றுதான் கூப்பிடுவான்.

"துப்பறியிற ஒருத்தரப் போடுங்க. அவர் கண்டுபிடிக்கட்டும்."

டிலக்சன் யோசித்தான். "கதாசிரியர்ட்ட கேக்கணும். மொதப் படத்துக்கே இந்த வீடுதான் வேணும்னு பிடிவாதம் பிடிச்ச ஆளு."

வாட்ஸப்பில் கேட்டான். பதில் உடனே வந்தது.

"சரியாம் நானா. பேய் வேஷம் போட்டுக் கொன்னது மனுஷன்தானாம். வீட்டுக்காரராம்."

"வீட்டுக்காரன் நானில்லியா?"

"கதையிலதானே நானா."

"சந்தையில மிளகு விக்கிறது கதையிலயா? மாத்தச் சொல்லுங்க."

மாற்றினார்கள்.

"வீட்டுக்காரரோட சம்சாரமாம்."

குசினியில் ஒரு கரண்டி விழுந்தது. "அந்தாளுக்கு வேற பொம்புள கிடைக்கலியாமா?" என்றது ஜெஸ்லாவின் குரல்.

மூன்றாவது செய்திக்குப் பதில் வரவில்லை.

"கை வேலையா இருப்பாங்க," என்றான் டிலக்சன்.

நுஸ்ரா பிளேன்ரீ ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

"உனக்காகத்தான் மகள் இவ்வளவு பாடும்," என்றார் நிஸ்தார்.

"தெரியும் வாப்பா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

டிலக்சனின் போன் முனகியது.

"வீட்டாள் யாருமில்லையாம். வெளியாளாம்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் நிஸ்தார். எந்த வெளியாள் என்று அவர் கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் படம் வெளியானது. குடும்பமாக உட்கார்ந்து பார்த்தார்கள். துப்பறிவாளர் மாடியில் மூன்று தரம் மயங்கி விழுந்தார். மூன்று தரமும் எழுந்து பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் ஜன்னல் விளிம்பில் ஒரு வட்டிலப்பத் துணுக்கைக் கண்டார். பாய்ந்து வெள்ளைச் சாரியைப் பிடித்து இழுத்தார். உள்ளே நின்றது பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை.

"பேய்க்குப் பயப்படாதீங்க," என்றார் துப்பறிவாளர், நேரே கமராவைப் பார்த்து. "மாப்பிள்ளையோட பொலிஸ் ரிப்போர்ட்டக் கேளுங்க."

மறுநாள் காலையில் காஸ் சிலிண்டர் குசினி வரைக்கும் வந்தது. மத்தியானம், புதிதாக மூன்று இடம் பார்த்து வைத்திருந்த கலியாணத் தரகர் ஹஸீப் போன் பண்ணினார்.

"யட்டவத்தக் கூட்டம் வராதாம். உங்கட வீட்டுல வட்டிலப்பம் தின்னா ஊரே மகன ஒரு மாதிரிப் பாக்குமாம். அவன்ட உம்மா சொல்றா."

"மத்த ரெண்டு இடம்?"

"அவங்களும் அதே வட்டிலப்பம்தான் சொல்றாங்க."

நிஸ்தார் போனை வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தார். பேயை விரட்டியாகிவிட்டது. மாப்பிள்ளைகளும் சேர்ந்து போய்விட்டார்கள்.

அப்போது அழகம்மா வந்தாள். பக்கத்து வாசனைத் திரவியத் தோட்டத்தில் வேலை செய்கிறவள். இரண்டு பாகத்திலும் பேய் அவள்தான். கையில் துவைத்து மடித்த வெள்ளைச் சாரி இருந்தது.

"ஜெஸ்லாம்மா சாரியக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன் மொதலாளி. கதை எழுதுறவங்க இருக்காங்களா?"

"இங்க ஏது? அது டிலக்சன்ட ஆளில்லியா?"

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த நுஸ்ரா அப்படியே நின்றாள்.

"அந்தா நிக்கிறாங்களே," என்றாள் அழகம்மா. "பாப்பா, ரெண்டு பாகமும் என்னயத் தலை மட்டுந்தான் வார விட்டீங்க. மூணாவதுலயாச்சும் எனக்கு ஒரு வசனம் எழுதுங்க."