சிரிக்க மறுத்த டவாலி

எங்கள் ஜில்லாவில் நின்றுகொண்டே தூங்கக்கூடிய ஜீவன்கள் இரண்டுதான். ஒன்று குதிரை, மற்றது எங்கள் முனிசீப் கோர்ட்டு டவாலி. இரண்டில் குதிரை கொஞ்சம் சுறுசுறுப்பு.

நாமக்கல் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். நான் அங்கே ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். மார்பில் குறுக்கே சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையுமாக நிற்கிற அந்தச் சேவகரை எல்லோரும் டவாலி என்றே கூப்பிட்டதில், பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும்.

வாசலில் நின்று கட்சிக்காரர்களை மூன்று முறை கூப்பிடுவது அவர் உத்தியோகம். மூன்றாவது கூப்பாட்டுக்கும் ஆள் வராவிட்டால் கேஸ் கோவிந்தா! டவாலி இரண்டு தடவை தொண்டை கிழியக் கூப்பிடுவார். மூன்றாவதற்குள் தூணில் சாய்ந்து தூங்கிவிடுவார். வண்டி கட்டிக்கொண்டு தாமதமாக ஓடிவருகிற குடியானவர்களுக்கு அவர் கண்கண்ட தெய்வம்.

"மூணாவது கூப்புட்டாச்சுங்களா?"

"இல்லீங்க, இப்பத்தான் கண்ணசந்தாரு."

"மவராசன் நல்லா இருக்கோணும்!"

ஒருநாள் தூக்கத்திலேயே மூன்றாவது கூப்பாட்டையும் முடித்தார். கூப்பிட வேண்டியது மாரப்பக் கவுண்டரை. கூப்பிட்டது முனியப்ப சாமியை. எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, சாட்சிப் பட்டியலில் சாமி பெயர் இல்லையே என்று ஆட்சேபித்தார்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. மிளகாய் கடித்தார், தாயத்துக் கட்டினார், பூசாரியிடம் வேப்பிலை அடி வாங்கினார். அடி வாங்கும்போதே தூங்கிவிட்டதாகப் பூசாரி மனம் நொந்து சொன்னார். ஆக மொத்தம் ஊர் தீர்மானித்தது, சோம்பேறி என்று. மனிதர் அதையும் மறுக்கவில்லை.

தூக்கத்தையாவது மன்னிக்கலாம். அவர் முகம் இருக்கிறதே! சிரிப்பு என்பதே அந்தப் பக்கம் தலைகாட்டியதில்லை. நாங்கள் வேடிக்கை பேச ஆரம்பித்தால், "எனக்கு வேலை கெடக்குதுங்க" என்று எழுந்து போய்விடுவார். வேலையா, இவருக்கா!

மாகாணத்திலேயே முதலில் எங்கள் சேலம் ஜில்லாவில் கள்ளு, சாராயக் கடைகளை இழுத்து மூடியிருந்த சமயம் அது. தெருவில் கல் தடுக்கி விழுந்தவனைக்கூட வாயை ஊதச் சொல்லிவிட்டுத்தான் தூக்கிவிடுவார்கள். அப்படியொரு நாளில் ஆட்டுக் கேஸ் ஒன்று வந்தது.

"அது உம்ம ஆடுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று எங்கள் வக்கீல் உறுமினார்.

"நாங் கூப்புட்டா வருமுங்க. நீங்க வேணும்னா கூப்புட்டுப் பாருங்க, வருதான்னு" என்றார் சாட்சி.

வக்கீலுக்கு ரோஷம் வந்துவிட்டது. அங்கியை உதறிக்கொண்டு, "பா... பா..." என்றார். வெளியே புளியமரத்தடியிலிருந்து, "மே!" என்று சுத்தமாகப் பதில் வந்தது.

கோர்ட்டே குலுங்கியது. வாசலில் நின்ற டவாலிக்கு முதலில் வாய் கோணியது. பிறகு தலை தொங்கியது. முழங்கால் மடங்கி, மூட்டையாகச் சரிந்தார். ஏதோ சொல்லப் பார்த்தார், நாக்கு குழறியது. அங்கே காவலுக்கு நின்ற ஏட்டய்யா துள்ளிக் குதித்தார்.

"சாராயமுங்க! சந்தேகமே இல்லீங்க!"

சர்க்கார் உத்தியோகஸ்தன், அதுவும் கோர்ட்டுக்குள்ளேயே! வேலை போவதோடு ஜெயிலும் நிச்சயம். ஒரு நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்த டவாலி, "தொட்டதில்லீங்க சாமி" என்று முனிசீப்பைக் கும்பிட்டு அழுதார். முனிசீப் அவரை டாக்டரிடம் அனுப்பினார். ஏட்டய்யாவோடு நானும் போனேன்.

டாக்டர் வாயை முகர்ந்தார். வெற்றிலை வாசனைதான். "விழறப்ப நினைவு தப்புமா?" என்று கேட்டார்.

"எல்லாங் காதுல கேக்குமுங்க. கை காலுதான் என்ற பேச்சக் கேக்காது."

"எப்பெப்ப வரும்?"

டவாலி என்னைப் பார்த்தார், ஏட்டய்யாவைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "சிரிச்சா வருமுங்க. வலிப்புன்னு வேலைய உட்டு நிறுத்திப்போடுவாங்கன்னு பயந்துக்கிட்டு யாருகிட்டயும் சொல்லலீங்க. ஊட்டுலயும் சொல்லலீங்க."

டாக்டருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "அடேடே! தூக்கம் சம்பந்தப்பட்ட வியாதிய்யா இது! புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன்!" என்று அவரைக் கட்டிக்கொள்ளாத குறை. "பகல் தூக்கம், சிரிச்சா விழறது, எல்லாம் ஒரே வியாதி. நீர் சோம்பேறியில்லை, குடிகாரரும் இல்லை." டவாலி அதைத் திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

மறுநாள் முனிசீப் அறையில் விசாரணை. டவாலியின் மனைவி வாசல் ஓரம் வந்து நின்றாள். "சிரித்து விழுகிற வியாதியா? கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன்" என்றார் முனிசீப்.

டாக்டர் ஒரு வேடிக்கை சொன்னார். மதராஸ் வேடிக்கை. யாருக்கும் புரியவில்லை. எங்கள் வக்கீல் ஆடு மாதிரியே கத்திக் காட்டினார். ஊஹூம்! வேலை போகிற நேரத்தில் எவனுக்குச் சிரிப்பு வரும்? டவாலி வியர்த்துக் கொட்டிக்கொண்டு, "சிரிக்கோணும்னுதான் பாக்கறனுங்க, வரமாட்டேங்குதுங்களே" என்று விம்மினார்.

ஏட்டய்யாவுக்கு உற்சாகம். "பாத்தீங்களா, எல்லாம் பொய்யிங்க! நெசமாக் குடிச்சவன் எப்படி உழுவான்னு நாங் காட்டறேன்" என்று தொப்பியைக் கழற்றி வைத்தார். இடது கால் ஒரு ஊருக்கும் வலது கால் ஒரு ஊருக்கும் போயிற்று. தோளில் இல்லாத துண்டை நழுவாமல் பிடித்தார், மேஜையை 'அண்ணே' என்று அழைத்து முத்தம் கொடுத்தார், ஒரு தாலாட்டுப் பாடினார். அப்பழுக்குச் சொல்ல முடியாது.

முனிசீப் கண்ணாடியைக் கழற்றினார். "ஏட்டு, உமக்கு இது எப்படிய்யா இவ்வளவு கச்சிதமா வருது?"

ஏட்டய்யா நடு ஆட்டத்தில் ஒற்றைக் காலில் அப்படியே நின்றுவிட்டார்.

"ஹெ..." என்றார் டவாலி. அவ்வளவுதான், முழங்கால் மடங்கி என் கையில் வந்து விழுந்தார். நல்ல கனம். சந்தோஷத்தில் எனக்கு அது தெரியவே இல்லை.

வேலை பிழைத்தது. முழுக்கத் தீராது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். வேளை தவறாமல் மத்தியானம் கொஞ்சம் தூங்க வேண்டும், கிணற்று மேட்டுக்கும் ஏணிக்கும் போகக் கூடாது, தாம் வரவழைத்துத் தரும் மாத்திரையை விடக் கூடாது. முனிசீப் தம் பங்குக்கு ஒரு முக்காலி போடச் சொன்னார்.

வெளியே வந்ததும் அந்த அம்மாள் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப, உழுந்துருவமுன்னுதான் சிரிக்கலீங்களா? என்னையப் புடிக்கலைன்னுல்ல இத்தன வருசமா நெனச்சிருந்தேன்!"

"அட போ புள்ள! நீ வாயத் தொறந்தாலே எனக்கு முழங்கால் ஆடும். அதனாலதான் அக்கட்டால போயிருவேன்."

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், வக்கீல் சொல்லியனுப்பிய காரியமாக அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் கட்டிலில் துணியாகத் துவண்டு கிடந்தார் டவாலி. அந்த அம்மாள் அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, எழுந்திருக்கவே விடாமல் ஏதோ வேடிக்கைக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். போன காரியத்தைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.