சாத்துமுறையும் சமூகவியலும்

நாளொன்றுக்கு நூறு முறையாவது ‘அடியேன்’ என்று சொல்லிக்கொள்பவனுக்கு அடக்கம் தானாகவே வந்து சேர்ந்துவிடும் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். வரவில்லை. வாய்க்குப் பழகிய சொல் நெஞ்சுக்கு இறங்க அறுபது ஆண்டுகள் போதவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு வேண்டியிருந்தது. அதுவும் எனக்கு வந்த அழைப்பன்று.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அப்போது எனக்கு அறுபது நிறைந்திருந்தது. (ஆகவே இளமையின் அறியாமை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.) சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு. கோயிலில் பெருமாளுக்கு முன்னே வரிசை கட்டி நின்று பாசுரம் சேவிக்கும் குழுவை நாங்கள் கோஷ்டி என்போம். அதில் முதல் வரிசையில் எனக்கு ஓர் இடம் உண்டு. அந்த இரண்டடி நிலத்தை நான் காத்துவந்த விதத்தை எல்லைப்புறத்துச் சிப்பாய் கண்டால் வெட்கப்பட்டிருப்பான்.

என் மனைவி கோமளா, திருமணத்துக்கு முன்பே வரலாற்றில் பட்டம் பெற்றவள். பெண் வைதேகிக்குக் கல்யாணமாகி அவள் பெங்களூருக்குப் போன பிறகு, ஐம்பத்திரண்டாம் வயதில், கோமளாவுக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முதுகலை படிக்கலாமா என்றோர் எண்ணம் முளைத்தது. படிக்கலாமா, வேண்டாமா என்று அவள் ஒரு மாதமாக ஊசலாடிக்கொண்டிருந்தாள். துறையில் கேட்டபடி, ‘நான் நன்கறிந்த ஒரு குழு’ என்னும் தலைப்பில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பியும் இருந்தாள். சேருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்லியாக வேண்டும்.

என்னிடம் யோசனை கேட்டாள். கேட்டது அவள் பெருந்தன்மை. நான் சொன்ன பதில் பின்வருமாறு.

“மனுஷா எப்படி வாழறான்னு தெரிஞ்சுக்கப் பட்டம் எதுக்கு? ஜன்னலைத் திறந்தாப் போறாதோ?”

“திறந்தா மூடச் சொல்றேளே. தெருச் சத்தத்துல பாசுரம் தடுமாறறதுன்னு” என்றாள் கோமளா.

அதைக் காதில் வாங்காமல், வழக்கம்போல் குரலை உயர்த்தி, அவள் சமஸ்கிருதம் படிப்பதே உத்தமம் என்று அரைமணி நேரம் உபந்யாசம் செய்தேன். அவள் கீரை ஆய்ந்து முடித்தாள்.

வியாழக்கிழமை காலை அவளுடைய கைப்பேசி ஒலித்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். எடுத்தேன்.

“கோமளா மேடம் இருக்காங்களா?” என்றது ஒரு பெண் குரல்.

“அவ தீர்த்தமாடிண்டிருக்கா. நான் ஆத்துக்காரர் பேசறேன்.”

(எங்கள் வீடுகளில் குளிப்பதைத் தீர்த்தமாடுவது என்றுதான் சொல்வோம். வெளியுலகில் தீர்த்தம் என்னும் சொல் புட்டிக்குள் புகுந்து நெடுநாளாகிறது என்பது எனக்குத் தெரியாது.)

மறுமுனையில் குரல் தணிந்தது. “காலையிலேயேவா சார்?”

“காலையிலதான். எங்காத்துல எல்லாருக்கும் விடியறதுக்குள்ள ஆயிடும். இன்னிக்கு அவளுக்குக் கொஞ்சம் லேட்.”

“சரிங்க சார். நான் சமூகவியல் துறையிலேருந்து ஸ்டெல்லா பேசறேன். மேடத்தோட கட்டுரையைப் படிச்சேன். நீங்க ஏதோ கோஷ்டியில இருக்கீங்கன்னு எழுதியிருக்காங்க…”

“ஏதோ கோஷ்டியா? முப்பது வருஷமா முதல் வரிசை. எங்கப்பா நின்ன இடம்.”

“பரம்பரையாவா?”

“பின்னே? அந்த இடத்துல வேற எவனாவது வந்து நின்னா விட்டுடுவேனா?”

அந்த அம்மாள் தூத்துக்குடிப் பக்கத்துக் கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். காஞ்சிபுரத்துக்கு வந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், படித்த பெண்மணி ஒருவர் என் கோயில் கைங்கரியத்தைப் பற்றி ஆர்வத்துடன் விசாரிக்கிறார் என்பதே. எனக்கு உற்சாகம் பொங்கியது.

“இன்னிக்கு சாயங்காலம்கூடப் பெரிய சாத்துமுறை இருக்கு” என்றேன்.

(பாசுரங்களை ஓதி நிறைவு செய்வது சாத்துமுறை. ‘சாத்துவது’ என்றால் மற்றவர்களுக்கு உதைப்பது என்று பொருள்படும் என்பதை அந்தக் கணத்தில் எந்தத் தெய்வமும் எனக்கு நினைவூட்டவில்லை.)

“சாத்து… யாருக்கு சார்?”

“பெருமாளுக்குத்தான். வேற யாருக்கு? பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து முடிச்சுட்டு, தீர்த்தம் வாங்கிண்டு கலைஞ்சுடுவோம்.”

“அந்தப் பெருமாள் உங்களுக்கு என்ன சார் பண்ணாரு?” அவர் குரல் நடுங்கியது.

பக்தியால் நடுங்குகிறது என்று நினைத்து என் கண்ணில் நீர் துளிர்த்தது. “என்னம்மா பண்ணலை? என் வாழ்க்கையில நடந்தது எல்லாமே அவர் பண்ணினதுதான்!”

அவர் பேச்சை மாற்றினார். “சார், மேடம் நாளைக்குள்ள முடிவு சொல்லணும். அவங்க கோர்ஸ்ல சேர்றாங்களா?”

இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது மிக எளிது. பத்தடி நடந்து, குளியலறைக் கதவைத் தட்டி, “உனக்குப் போன்” என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது.

“அவ படிக்கமாட்டா. நான் விடமாட்டேன்.”

சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தேன். கோமளா ஈரத்தலையோடு வந்து, “யார் கூப்பிட்டா?” என்றாள். “ஏதோ கம்பெனிக்காரா” என்றேன். (நெற்றியில் இட்ட நாமம், அந்தத் திருமண், உலரக்கூட இல்லை, அதற்குள் பொய்.)

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு வாசலில் அழைப்பு மணி ஒலித்தது. நான் கொல்லையில் பூப் பறித்துக்கொண்டிருந்தேன். கோமளா கதவைத் திறந்தாள். கண்ணாடி அணிந்த ஒல்லியான பெண்மணி ஒருவரும், அவருக்குப் பின்னால் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்போடு ஓர் ஆளும் நின்றிருந்தார்கள். பெண்மணி பேராசிரியர் ஸ்டெல்லா. பாதுகாப்புக்கு அவர் அழைத்து வந்தவர், துறையின் அலுவலக உதவியாளர் ஏழுமலை. உள்ளூர்க்காரர். மேடம் அழைத்தாரே என்று விவரம் கேளாமல் வந்திருந்தார்.

கூடத்தில் நடந்த பேச்சு கொல்லை வரை தெளிவாகக் கேட்டது. ஸ்டெல்லா தணிந்த குரலில் தொடங்கினார்.

“மேடம், பயப்படாம சொல்லுங்க. வீட்ல நீங்க நல்லா இருக்கீங்களா?”

“நன்னா இருக்கேனே. உள்ள வாங்கோ, காபி சாப்பிடுங்கோ.”

“காபி இருக்கட்டும். அந்தப் பெருமாள்… எப்படி இருக்காரு?”

“அவருக்கென்ன? ஜம்முனு இருக்கார். நேத்து சாத்துமுறை ஆனப்புறம்கூடப் பார்த்துட்டு வந்தேன்.”

“நடக்கிறாரா?”

“எங்க நடக்கறது! தோள்ல தூக்கிண்டுதான் போனா. ஏழெட்டுப் பேர்.”

“ஐயோ! ஆஸ்பத்திரிக்கா?”

“ஆஸ்பத்திரிக்கா? வீதி சுத்தி வரத்தான். மேளதாளத்தோட!”

நாற்காலி நகரும் ஓசை கேட்டது. பூத்தட்டுடன் நான் கூடத்துக்குள் நுழைந்தேன். மேலாடையின்றி, உடம்பில் பன்னிரண்டு திருமண் காப்பும் பளிச்சிட, அறுபது வயதுத் தொந்தி முன்னே வழிகாட்ட நான் வந்து நின்ற கோலத்தைக் கண்டு ஸ்டெல்லா எழுந்து நின்றுவிட்டார்.

“இவர்தான் எங்காத்துக்காரர்” என்றாள் கோமளா.

“இவரா கோஷ்டித் தலைவரு?”

ஏழுமலை என்னைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

“மேடம், இந்த சாமியப் பாத்தா பயந்துக்கினு வந்தீங்க? பெருமாளுன்னா ஆளு இல்ல மேடம், கோயிலு சாமி! கோஷ்டின்னா பாட்டு பாடுறவங்க! ஐயோ ஐயோ…” அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். “நேத்து சாயங்காலம் நான்கூட தோள் குடுத்துக்கினு வந்தேன் மேடம்!”

ஸ்டெல்லாவின் முகம் சிவந்தது; பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது. நேற்றைய உரையாடலை அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, கோமளாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பெரிய மனத்தோடு மன்னித்துவிட்டவன்போல் கையை உயர்த்தி, “போகட்டும் விடுங்கோ, தமிழ் ஒரு சமுத்திரம்” என்றேன்.

ஸ்டெல்லா சிரிப்பை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“சரி சார். பெருமாள் சாமின்னு ஆயிருச்சு. கோஷ்டி பாட்டுக் குழுன்னு ஆயிருச்சு. ‘அவ படிக்கமாட்டா, நான் விடமாட்டேன்’னு சொன்னீங்களே, அதுக்குக் கோயில்ல வேற அர்த்தம் எதும் உண்டா?”

அந்த ஒரு வரிக்கு மட்டும் வேறு பொருள் கிடையாது. எத்தனையோ வியாக்கியானங்களை வாசித்தவன் நான். ஒரு சொல்லுக்கு ஒன்பது பொருள் உரைக்கவல்லவன். அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. கோமளாவின் சிரிப்பு நின்றிருந்தது.

“நேத்து வந்த கம்பெனிக்காரா இவாதானா?” என்றாள். அவ்வளவுதான்.

நான் தட்டிலிருந்த பூக்களை எண்ணத் தொடங்கினேன்.

ஸ்டெல்லா பையிலிருந்து கோமளாவின் கட்டுரையை எடுத்தார். “இதை எழுதினவங்களைக் கைவிட எனக்கு மனசில்ல. அதான் நேர்ல வந்தேன்” என்று சொல்லி, கடைசிப் பத்தியை வாசித்தார். ஆண்கள் முன்னே இரு வரிசையாக நிற்பார்கள்; பெண்கள் தூணுக்குப் பின்னே நிற்போம்; பாசுரங்கள் எங்களிலும் பலருக்கு மனப்பாடம்; உதடுகள் அசையும், ஓசை வராது; முன் வரிசையில் ஒருவர் அடி தவறினால் பின்னால் இருக்கும் நாங்களே முதலில் அறிவோம்; என் கணவர் வழக்கமாக இரண்டு இடங்களில் தவறுவார் என்று எழுதியிருந்தாள்.

முப்பது ஆண்டுகள்! அவளுக்குப் பாசுரம் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. நான் ஒருமுறையும் திரும்பிப் பார்த்ததில்லை; திரும்பினால் என் இடத்தில் எவனாவது வந்து நின்றுவிடுவான் அல்லவா?

“இப்ப நீங்க சொல்லுங்கம்மா. சேர்றீங்களா?” என்றார் ஸ்டெல்லா.

“அதாவது, என்ன ஆச்சுன்னா…” என்று நான் வாயைத் திறந்தேன்.

“சாமி, அவங்களக் கேட்டாங்க” என்றார் தரையிலிருந்து ஏழுமலை, மிகுந்த மரியாதையுடன்.

நான் மறுபடியும் பூக்களுக்கே திரும்பினேன்.

கோமளா கட்டுரையை வாங்கி மடித்துக்கொண்டாள். “ஒரு மாசமா முடிவு பண்ண முடியாமத் தவிச்சிண்டிருந்தேன்மா. இந்த வயசுல தேவையான்னு. எனக்குப் பதிலா இன்னொருத்தர் எவ்வளவு சுலபமா முடிவு பண்ணிட்டார்னு இப்பத் தெரிஞ்சுடுத்து. என் பேரை எழுதிக்கோங்கோ.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “காபி நீங்க கலந்துண்டு வாங்கோ. மூணு டம்ளர்.”

அடுக்களையில் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று அன்றுதான் தேடிக் கற்றேன். நான் கலந்த காபியை ஒரே ஒரு வாய் பருகிய ஏழுமலை, “தீர்த்தம் சூப்பர் சாமி” என்றார்.

கோமளா சேர்ந்தாள், படித்தாள், முதல் வகுப்பில் தேறினாள். வைதேகி இன்றும் தொலைபேசியில் அழைத்தால், “கோஷ்டித் தலைவரா? பெருமாள் உயிரோட இருக்காரா?” என்றுதான் தொடங்குவாள். மாப்பிள்ளை வீட்டார் அனைவருக்கும் இக்கதை மனப்பாடம். அதை நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறொன்று. வீட்டில் எதற்காவது நான் குரலை உயர்த்தினால் கோமளா இப்போதெல்லாம் வாதாடுவதில்லை. படிப்புக்காக மனிதர்களைக் கவனித்துக் களக்குறிப்பு எழுதிய பேனாவை எடுத்து ‘டிக்’ என்று அழுத்துவாள். அந்த ஓசை கேட்ட மாத்திரத்தில் என் குரல் தானாகவே இறங்கி, மீதி வாக்கியத்தை மிகப் பணிவோடு முடித்துவிடுகிறது.