தகுதியற்ற பதினோரு டாங்கிகள்

பொய் எழுதத் தெரியாதவர்களைப் பிடிப்பதற்காகவே அரசாங்கம் படிவங்களை அச்சடித்து வைத்திருக்கிறது. உள்ளதை உள்ளபடி நிரப்பினால் போதும், மீதியைப் படிவமே பார்த்துக்கொள்ளும். பல்செட்டுக்காரர் மாட்டிக்கொண்டது அப்படித்தான்.

பல் போனவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். பழைய யுத்தத்து டாங்கிகளைச் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒட்டி வண்ணம் பூசுவது அவர் பித்து. இதே பித்துப் பிடித்த இருபது பேர் மாதம் ஒருமுறை கூடுவார்கள். மேஜைமேல் பச்சைத் துணி விரித்து, பகடை உருட்டி, என்றோ முடிந்த யுத்தத்தை மறுபடி நடத்துவார்கள். இதற்கு மேஜைப்போர்க் கழகம் என்று பெயர்.

கழகத்தில் வண்ணத்துக்கும் ஃபேஷன் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் பளபளப்பு. போன வருஷம் பளபளத்தவர்களோடு யாரும் பேசவில்லை. இந்த வருஷம் துருவும் சேறும். பல்செட்டுக்காரர் ஒற்றை மயிர் தூரிகையால் மூன்று மாதம் உட்கார்ந்து பதினோரு டாங்கிகளுக்குத் துரு பிடிக்கவைத்தார். பல்செட்டின் ஈறுக்கு வைத்திருந்த இளஞ்சிவப்பில் கொஞ்சம் பழுப்பைக் குழைத்தால் அசல் துரு வரும் என்பது அவர் கண்டுபிடிப்பு. கிண்ணம் மாறிப்போய் ஒரு பெரியவருக்குத் துருப்பிடித்த ஈறு போய்ச் சேர்ந்தது வேறு விஷயம்.

சனிக்கிழமை பக்கத்து ஊரில் போட்டி. டாங்கிகளைச் செருப்புப் பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கிக்கொண்டு, அன்று காலையில் மனைவியோடு பஸ் நிலையத்துக்கு வந்தார். சாமான் அலுவலகத்தில் படிவம் கொடுத்தார்கள். 'பெட்டியில் உள்ள பொருள்' என்ற இடத்தில் 'கவச வாகனம், 11' என்று எழுதினார்.

"ஏங்க, பொம்மைன்னு எழுதிட்டு வாங்களேன்," என்றாள் மனைவி.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. கழகத்தில் அந்த வார்த்தையைச் சொன்னால் இரண்டு ஆட்டம் வெளியே நிற்க வேண்டும். "மூணு மாசம் கண்ணு பூத்துப்போக வேலை பார்த்திருக்கேன். என் கையால இதைப் பொம்மைன்னு எழுத மாட்டேன்."

சாமான் குமாஸ்தா படிவத்தைப் படித்தார். பெட்டியைப் பார்க்கவில்லை. படிக்கத்தான் அவருக்குச் சம்பளம்.

"பதினோரு வாகனம். தகுதிச் சான்று இருக்கா? இல்லைன்னா எதிர்க் கட்டடத்துல வாகன ஆய்வாளரைப் பாருங்க."

வாகன ஆய்வாளர் கடமை தவறாதவர். பெட்டியைத் திறந்து டாங்கிகளைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். இரண்டில் எது தப்பு என்று ஒரு நிமிஷம் யோசித்தார். படிவத்தில் சாமான் அலுவலக முத்திரை இருந்தது, டாங்கிகளில் இல்லை.

"வரிசையா நிறுத்துங்க," என்றார்.

மேஜைமேல் நிறுத்தினார்கள். ஆய்வாளர் பூதக்கண்ணாடியோடு தரையில் முட்டி போட்டார்.

"சக்கரத்துல என்ன இவ்வளவு சேறு?"

"நாலு நாள் மழை பெஞ்ச சேறு சார்."

"கழுவுறதில்லையா?"

"கழுவினா எல்லாமே போயிடும் சார்."

"புகைக்குழாய் முழுக்கத் துரு."

"தெரியுதா சார்?" பல்செட்டுக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"தெரியாம என்ன? அடியில அரிச்சே போயிருக்கு. எத்தனை வருஷமா மழையில நிறுத்தி வச்சிருந்தீங்க?"

கழகத்தில் இத்தனை வருஷமாக அடிப்பாகத்தை ஒருத்தர்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. ஆய்வாளரைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது அவருக்கு.

"மேலே ஒருத்தர் பாதி உடம்பை வெளியே நீட்டிட்டு நிக்கிறார். பெல்ட் போடலை."

"அவர் படைத் தளபதி சார்."

"யாரா இருந்தா என்ன?"

ஒரு மணி நேரத்தில் அறிக்கை வந்தது. 'மேற்படி வாகனங்கள் பதினொன்றும் மிகக் கடுமையாகத் துருப்பிடித்தும், சேறு படிந்தும், எண் பலகை அழிந்தும், பொதுச் சாலையில் ஓடுவதற்கு எவ்வகையிலும் தகுதியற்றவை எனச் சான்றளிக்கப்படுகிறது.' கீழே வட்ட முத்திரை.

பல்செட்டுக்காரர் மூன்று தரம் படித்தார். மனைவிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். 'மிகக் கடுமையாக' என்ற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனந்தக் கண்ணீர் இருக்கட்டும். போட்டிக்கு எப்படிப் போறது?" என்றாள் அவள்.

"தகுதியில்லாத வண்டியைத் தகுதியுள்ள வண்டியில ஏத்தி, ஓர் அதிகாரி கூடப் போகணும். விதி அப்படி," என்றார் ஆய்வாளர்.

தகுதியுள்ள வண்டி என்று துறையிடம் கைவசம் இருந்தது துறையின் சொந்த வேன்தான். கதவைக் கயிற்றால் கட்டியிருந்தது. மேலதிகாரி போய்வரும் வேனை முட்டி போட்டுப் பார்ப்பது மரியாதையில்லை என்று, ஆய்வாளர் முந்தின நாள் நாற்காலியில் இருந்தபடியே அதற்குச் சான்று கொடுத்திருந்தார். கூடப் போகும் அதிகாரியும் அவரே. இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. மேட்டில் கேட்காமலே பிடித்தது. தரையில் இருந்த ஓட்டை வழியாகச் சாலை ஓடுவது தெரிந்தது. பல்செட்டுக்காரர் குனிந்து ஓட்டையோரத்துத் துருவை விரலால் தடவி, "இன்னும் கொஞ்சம் மஞ்சள் சேர்த்திருக்கணும்," என்று முணுமுணுத்தார். மனைவி அவர் சட்டைக் காலரை விடவே இல்லை.

போட்டியில் மூன்று நடுவர்கள். மூன்று பேரும் பூதக்கண்ணாடியோடு டாங்கிகள்மேல் குனிந்து, 'அடேயப்பா' என்றார்கள். அதோடு விட்டிருக்கலாம். பல்செட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. "அரசாங்கமே சொல்லியிருக்கு, பாருங்க," என்று அறிக்கையை நீட்டினார்.

தலைமை நடுவர் படித்தார். முகம் மாறியது.

"இதுல வாகனம்னு போட்டிருக்கே. இங்க மாடலுக்கு மட்டும்தான் அனுமதி. நிஜ வண்டி கலந்துக்க முடியாது."

"கையில எடுத்துப் பாருங்க சார். சுண்டுவிரல் நீளம்தானே?"

"எங்க கண்ணு தப்பா இருக்கலாம். முத்திரை தப்பா இருக்குமா?"

பல்செட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் பேனாவை நீட்டினாள். மூன்று மாத உழைப்பு. மானமா, கோப்பையா என்று கொஞ்ச நேரம் தவித்தார். பிறகு போட்டிப் படிவத்தில் 'பொ' வரைக்கும் எழுதிவிட்டார். ஆய்வாளர் அவர் கையைப் பிடித்தார்.

"சான்று வாங்கின வாகனத்தைப் பொம்மைன்னு எழுதினா பொய்த் தகவல். உள்ளே போக வேண்டியிருக்கும்."

அந்த நேரம் பார்த்துத் தலைமை நடுவரின் கண் ஜன்னலுக்கு வெளியே நின்ற வேன்மேல் போயிற்று. மூன்று நடுவர்களும் பூதக்கண்ணாடிகளோடு வாசலுக்கு ஓடி வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"துருன்னா இது துரு."

"தரையில ஓட்டை போட்டிருக்கான் பாருங்க. என்ன துணிச்சல்."

"யாரோடது இது? மாடலா இருந்தா முதல் பரிசு இதுக்குத்தான்."

ஆய்வாளர் முன்னால் வந்தார். "எங்க துறையோடது. படிவம் கொடுங்க."

'பொருள்' என்ற இடத்தில் 'பொம்மை' என்று முழுசாக எழுதினார். முத்திரை சட்டைப்பையிலேயே இருந்தது.

முதல் பரிசுக் கோப்பை வேனுக்கே கிடைத்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பல்செட்டுக்காரரும் தட்டினார். வயிறு எரிந்தது உண்மைதான், ஆனால் துருவைப் பார்த்தால் தட்டாமல் இருக்க முடியவில்லை.

திரும்பிப் போகவும் அதே வேன்தான். ஆய்வாளர் கோப்பையோடு முன்னால் உட்கார்ந்தார். அதே வழியில் போக வேண்டிய நடுவர்களும் ஏறிக்கொண்டார்கள். இப்போது எதிரே இருந்தது பெரிய இறக்கம். பல்செட்டுக்காரர் படியில் கால் வைத்தபடி தயங்கினார்.

"சார், பிரேக் பிடிக்கலையே. ஒருதரம் பார்த்துட்டு..."

"பொம்மைக்கு பிரேக் சோதனை கிடையாது," என்றார் ஆய்வாளர். "ஏறுங்க."

அவர் ஏறினார். காலரைப் பிடித்தபடி மனைவியும் ஏறினாள்.