உமாராணி திமிங்கிலத்துக்காகப் பேசிய விவகாரம்

ஈசா டவுன், பஹ்ரைன்
பிப்ரவரி 2007

மதிப்பிற்குரிய மச்சான் வீரபாண்டி அவர்களுக்கு,

பொன்னுச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் தங்கை பத்மா நலம். உடம்பைப் பொறுத்தவரை நானும் நலம்தான். தூத்துக்குடியில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், உங்கள் மருமகள் உமாராணி பள்ளிக்கூட டிபேட்டில் பேசினாள். தலைமுறை தலைமுறையாகத் திமிங்கிலம் பிடித்துவந்த சனங்களுக்கு இன்றும் அந்த உரிமை உண்டா என்பது தலைப்பு. கூடாது என்று பேச இவளைப் போட்டார்கள். பேசட்டும், எந்தத் திமிங்கிலம் வந்து கேட்கப்போகிறது என்றுதான் இருந்தேன். பிறகுதான் தெரிந்தது, நடுவர் எங்கள் கம்பெனி மேனேஜர் ஒகாடா சார். அவர் ஜப்பான்காரர் மச்சான்! திமிங்கில விஷயத்துல அவங்க நாட்டோட உலகமே சண்டை போடுது. என் விசா புதுப்பிக்கிற பேப்பர் வேற அவர் மேஜையில கிடக்குது. "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு சொல்லி உக்காந்துரும்மா"ன்னு கெஞ்சினேன். "டாடி, இது டிபேட். உங்க ஆபீஸ் மீட்டிங் இல்ல"ங்குறா.

மேடையில, கடல் யாருக்கும் தனிச் சொத்தில்லன்னு நல்லாத்தான் ஆரம்பிச்சா. அப்புறம், "எங்க மாமா ஆமைக்கறி சாப்பிட்டு வளர்ந்தவர், சட்டம் வந்ததும் விட்டுட்டார், நல்லாத்தானே இருக்கார்?"னு உங்களையும் இழுத்துவிட்டு, திமிங்கிலம் பிடிக்கிறவங்க கொலைகாரங்கன்னு முடிச்சா பாருங்க, ஏசி ஹால்ல எனக்கு வேர்த்துக் கொட்டிருச்சு.

ஒகாடா சார் எழுந்தார். "எங்க அப்பா திமிங்கிலம் பிடிச்சவர். பிடிச்ச ஒவ்வொண்ணுக்காகவும் கோயில்ல போய்க் கும்பிடுவார். நீ சொல்றது சரியா இருக்கலாம். ஆனா அவர் கொலைகாரரா?"ன்னு மெதுவா கேட்டுட்டு, எதிர்த்துப் பேசின பையனுக்குப் பரிசைக் குடுத்துட்டார்.

வீட்டுக்கு வந்து உமா சாப்பிடவே இல்ல. "பிரைஸ் போகட்டும் டாடி. அவர் அப்பாவை அப்படிச் சொல்லிட்டேனே. ஆனா கொல்லலாம்னும் என்னால சொல்ல முடியாது"ன்னு ஒரே அழுகை. பிள்ளையைத் தேத்துறதா, விசாவை நினைச்சு நானும் சேர்ந்து அழறதான்னு தெரியல. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் ரூமுக்கு வந்து பாருன்னு ஒகாடா சார் எனக்குச் சொல்லியனுப்பியிருக்கார். கலாஸ், முடிஞ்சுது மச்சான். உப்பளத்துலயோ துறைமுகத்துலயோ எனக்கு ஒரு வேலைக்குச் சொல்லி வையுங்க.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எந்த மேடையிலும் ஏறாமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
பொன்னுச்சாமி

பின்குறிப்பு: வேலைக்குச் சொல்ல வேண்டாம். ஒகாடா சார் வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்துட்டார். உமா மன்னிப்புக் கேட்டா. ரெண்டு பேரும் சாயங்காலம் முழுக்கப் பேசியும் ஒத்துப்போகல, ஆனா சிரிச்சுக்கிட்டே பிரிஞ்சாங்க. விசா பேப்பர்லயும் கையெழுத்துப் போட்டுர்றேன்னுட்டார். போகும்போது, "எங்க பக்கத்தையும் ஒரு தடவை பேசிப் பாரு"ன்னு சொல்லிட்டுப் போனார். அவளும் அடுத்த போட்டியில திமிங்கிலம் பிடிக்கிறவங்களுக்காகப் பேசப் பேர் குடுத்துட்டா. அங்க நடுவர் எங்க முதலாளியம்மா. கடல் பிராணிகளைக் காப்பாத்துற சங்கத்துக்கு அவங்கதான் தலைவியாம்.