நூறில் வைத்த நடுக்கம்

என் சம்பந்தியின் வலது கையை ஐந்து நாள் நோயாளியாக்கியவன் நான்தான். முப்பது வருடம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்கவும் வழியில்லை.

கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டுக்காக மகன் ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கினான். அதற்குள் மோட்டார் உண்டு. காற்றடித்தால் பிடி நம் கையை எதிர்த்துத் தள்ளும். மேகத்துக்குள் போனால் அதிரும். இதையெல்லாம் கூட்டவும் குறைக்கவும் திரையில் ஒரு பக்கம் இருக்கிறது. வாங்கியது அவன், தினமும் மாலையில் ஓட்டியது ரிட்டயரான நானும், மாடம்பாக்கத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கும் மருமகள் சுதாவின் அப்பாவும். இருவர் கைக்கும் ஏற்றபடி எனக்கு 'அப்பா', தன் மாமனாருக்கு 'மாமா' என்று தனித்தனி அமைப்பு வைத்துக் கொடுத்திருந்தான்.

வங்கியில் வேலை பார்த்த சம்பந்தி, மீனம்பாக்கத்தில் விமானத்தைப் பூப்போல இறக்குவார். நான் ஓடுபாதைக்குப் பக்கத்திலிருக்கும் திரிசூலம் மலையைத் தாண்டியதே இல்லை. (மலை என்னவோ அதே இடத்தில்தான் இருந்தது.)

"மாமா, இன்னிக்காவது யாராச்சும் பொழைச்சாங்களா?" என்று என்னைக் கேட்டாள் ஆபீஸிலிருந்து வந்த சுதா.

"சும்மா இரும்மா. சம்பந்திக்கு தியரிதான் ஸ்ட்ராங்" என்றார் அவர்.

அந்த 'தியரி' சுட்டது. மறுநாள் 'மாமா'வைத் திறந்து, இருபதில் இருந்த அதிர்வை நூறுக்குத் தள்ளினேன். 'அப்பா'வைத் தொடவில்லை.

அன்று மாலை அவர் விமானம் ஓடுபாதையை விட்டுப் புல்லில் போய் நின்றது.

"ஸ்டிக் ஆடுதே சம்பந்தி?"

"அப்படியா? பார்ப்போம்" என்று என் முறைக்கு ஓட்டிக் காட்டினேன். ஆடவே இல்லை. (மலையில்தான் மோதினேன், ஆனால் நடுக்கமில்லாமல்.) அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காபி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது? கல்யாணத்தில் பாயசம் பற்றாமல் போனதையே நாங்கள் இன்றுவரை வாய்விட்டுப் பேசியதில்லை.

ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டார். "நரம்பு டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன். சுதாவுக்கு ஏழாம் மாசம், அவகிட்ட சொல்ல வேணாம். நீங்க கூட வர்றீங்களா?"

தாம்பரத்தில், டாக்டர் அறைக்கு வெளியே மெதுவாகச் சொன்னார்: "எங்க அண்ணாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. பொறக்கப்போற குழந்தையைத் தூக்க முடியுமான்னுதான் பயமா இருக்கு."

"உங்க கை நல்லாத்தான் இருக்கு சம்பந்தி. ஆடினது மோட்டார். கூட்டி வெச்சது நான்" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே போனதும் டாக்டர் என் கையைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி நடுங்குது?"

"அஞ்சு நாளா டாக்டர்" என்று சொல்லி, என்னை நோயாளி நாற்காலியில் உட்காரவைத்தார் சம்பந்தி.

வீட்டில் எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்டேன். சுதா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேத்தி பிறந்தபோது, குழந்தையை முதலில் அவரிடம் கொடுக்கச் சொன்னேன். வாங்கிய கை அசையவே இல்லை.

இன்றும் வீட்டில் மிக்ஸி கொஞ்சம் அதிகமாக உதறினால், "மாமா, நூறுல வெச்சீங்களா?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். அமைப்புப் பக்கத்துக்கு மகன் பாஸ்வேர்டு போட்டு, அதைச் சம்பந்தியிடம் மட்டும் சொல்லியிருக்கிறான்.

சில நாளாக நான் ஓட்டும்போது பிடி லேசாக ஆடுகிற மாதிரி இருக்கிறது. சம்பந்தியிடம் கேட்கவில்லை. டாக்டரிடமும் போகவில்லை.