வகுப்பறைச் சுவரில் உன் உயரம்

இல்லத்தில் தற்சமயம் இல்லாத என் இல்லத்தரசிக்கு,

உன் கணவனும் தையல்கடை முதலாளியும் அதே கடையின் ஒரே தொழிலாளியுமான நான் எழுதிக்கொள்வது. இங்கே நான், நம் பெண் வாலு, தையல் மெஷின் மூவரும் சௌக்கியம். மெஷினுக்கு மட்டும் பெல்ட் மாற்ற வேண்டும். அங்கே நீயும் உன் வார்டில் படுத்திருப்பவர்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அவர்கள் சௌக்கியமானால்தானே நர்ஸம்மாவுக்குக் கொஞ்சம் உட்கார நேரம் கிடைக்கும்.

கடைசியாகப் போனில் பேசியபோது நீ இரண்டு கேள்விகள் கேட்டாய். ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலையை நீட்டித்துத் தருகிறார்களே, கையெழுத்துப் போடட்டுமா என்பது முதல் கேள்வி. பதில்: தாராளமாகப் போடு. இங்கே ஒரு குறையும் இல்லை. வாலு இந்தப் பருவத்தில் வகுப்பில் என்னதான் படிக்கிறாள் என்பது இரண்டாவது. அதற்குப் பதில் கொஞ்சம் நீளம். அதனால்தான் கடிதம். எதிர்வீட்டு டிரைவரின் தம்பி அந்த நாட்டுக்கே வேலைக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அன்று பேசியதற்குப் பிறகு ஏன் என்னைப் போனில் பிடிக்க முடியவில்லை என்று நீ தவித்துப் போயிருப்பாய். பயப்படாதே, அதுவும் பாடத்திட்டத்தில்தான் வருகிறது.

முதல் பாடம், மிதப்பவையும் மூழ்குபவையும். வீட்டில் இருக்கும் பொருள்களைத் தண்ணீரில் போட்டுப் பார்த்து எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் கடையில் ஒரு கல்யாணக் கோட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். கோட்டுக்குக் கை வைக்கிறபோது நான் இந்த உலகத்தில் இருப்பதில்லை என்று உனக்குத் தெரியும். உள்ளே வந்து பார்த்தால் குளியலறை வாளியில் என் சாக்குக் கட்டி, நூல்கண்டு, ஒரு டப்பா பட்டன், என் ஒரு கால் செருப்பு எல்லாம் கிடக்கின்றன. அடியில் போன். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அம்மாக்கு நீச்சல் தெரியும்னு நீதானே சொன்னே?" என்றாள். அவளுக்குப் போனுக்குள் இருப்பது நீதானே. ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன். போன் ரிப்பேர் கடையில் அரிசி டப்பாவுக்குள் புதைந்திருக்கிறது. அவள் 'போன் மூழ்கும்' என்று எழுதி மிஸ்ஸிடம் நட்சத்திரம் வாங்கிவிட்டாள். ஒரு விதத்தில் போன் இல்லாததும் நல்லதுதான். என் குரலைக் கேட்டே நீ எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாய். எழுத்தில் அந்த வம்பு இல்லை. கண்டுபிடிக்க இங்கே ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

அடுத்த வாரம் உயிருள்ளவை, உயிரற்றவை. பக்கத்தின் நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் படம் ஒட்ட வேண்டும். சாப்பிட வேண்டும், வளர வேண்டும், தானாக நகர வேண்டும், அப்போதுதான் உயிருள்ளது என்று மிஸ் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தையல் மெஷின் நூலைத் தின்கிறது என்பதால் அதை உயிருள்ள பக்கத்தில் ஒட்டினாள். என்னை எந்தப் பக்கம் ஒட்டுவது என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்பா, நீ கொஞ்சம் நகரு, பாக்கலாம்" என்றாள். நகர்ந்து காட்டித்தான் தேறினேன். பிறகு உன் போட்டோவை எடுத்தாள். "அம்மா சாப்பிட்டு நான் பார்த்ததே இல்ல. வளரவும் இல்ல. நகருவாங்க, ஆனா நடுவுல அப்படியே நின்னுடுவாங்க. அப்புறம் கர்ர்ருன்னு சத்தம் வரும்." எல்லாம் நன்றாக ஆராய்ந்து, உன்னை நடுக்கோட்டின் மேலேயே ஒட்டிவிட்டாள். எதிர்வீட்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்து மெஷினில் உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோக்க வரவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது. மற்றபடி வீடு நன்றாக ஓடுகிறது, நீ கவலைப்படாதே.

இப்போது நடப்பது அளவைகள். இதுதான் என் அடிமடியில் கை வைத்த பாடம். ஊரையே அளந்தவன் பெண்ணுக்கு அளவு எப்படிச் சொல்லித் தர வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? புது டேப் ஒன்று வாங்கி அவள் கழுத்தில் மாலையாகப் போட்டேன். கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். டேப் எல்லாம் பெரிய வகுப்புக்காம், அவர்கள் வகுப்பில் சாணும் அடியும்தானாம். அன்றிலிருந்து வீட்டில் சாண் போடாத இடம் இல்லை. பேங்க் மேனேஜர் மூன்று பேண்ட் தைக்க ஒரே துணியாகக் கொண்டுவந்தார். நான் இடுப்பை அளக்க அவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறார். இவள் பின்னாலிருந்து சாண் போட்டுக்கொண்டே வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அங்கிள் வயிறு ஒம்பது சாண்! எங்க மேஜையே ஏழுதான்!" என்றாள். மேனேஜர் மூச்சை விட்டுவிட்டார். நான் எடுத்த அளவும் அதோடு போயிற்று.

இதுவாவது பரவாயில்லை. வீட்டில் ஒவ்வொருவரும் எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டை வெட்டி வர வேண்டும் என்று வீட்டுப்பாடம் வந்தது. வகுப்பில் வரிசையாகத் தொங்கவிட்டு யார் நெட்டை, யார் குட்டை என்று பார்ப்பார்களாம். எனக்குச் செய்தித்தாளில் ஒரு பட்டை, அவளுக்கு ஒரு பட்டை வெட்டியாயிற்று. "அம்மாவுக்கு நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போன பிறகு மேனேஜரின் பேண்ட் துணியை வெட்டுவதற்குப் பிரித்தால், ஓரத்தில் நெடுக ஒரு பட்டையைக் காணோம். சாம்பல் நிறம், நல்ல உயர்ந்த ரகத் துணி. போட்டது போட்டபடி, கத்தரிக்கோலும் கையுமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் கேட்டைச் சாத்திவிட்டார். கத்தரிக்கோலைச் சட்டைக்குள் ஒளித்துக் காட்டிய பிறகு இன்னும் பயந்துபோனார். கடைசியில் மிஸ்ஸே வந்து அழைத்துப் போனார்.

வகுப்பறைச் சுவர் முழுக்க அப்பாக்களும் அம்மாக்களும் தொங்குகிறார்கள். எல்லாம் செய்தித்தாள், பழைய காலண்டர். நீ ஒருத்திதான் துணி. கூரைக்குப் பக்கத்தில் ஆணியில் ஆரம்பித்து, கரும்பலகையைத் தாண்டி இறங்கி, தரையில் போய் மடிந்து கிடக்கிறாய். பக்கத்தில் நான் உன் இடுப்புக்குக்கூட வரவில்லை. மிஸ் சின்னப் பெண்தான். "நானும் சொல்லிப் பார்த்துட்டேன் சார், இவ்வளவு உயரமா யாரும் இருக்க மாட்டாங்கன்னு. ஒத்துக்கவே மாட்டேங்கறா. எங்கம்மாவ நான் இப்படித்தான் பார்ப்பேன்னு கழுத்த வளைச்சுக் காட்டறா" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ கிளம்பும்போது அவள் உன் முழங்காலைத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்த அளவு அது. இவள் வளர வளர நினைப்பில் உன்னையும் அதே கணக்கில் வளர்த்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"நீங்க சரியான அளவுக்கு வெட்டிக் குடுங்க சார், மாத்தி மாட்டிடறேன்" என்று மிஸ் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். ஏறி நின்றேன். இந்த ஊரில் நான் அளவெடுக்காத ஆள் கிடையாது, ஆனால் உனக்கு எடுத்ததே இல்லை. எப்போது கேட்டாலும் "அளவுக்குத்தான் பழசு இருக்கே" என்று ஒரு சுடிதாரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போவாய். அந்தச் சுடிதார் தோளிலிருந்து முழங்கால் வரைக்கும்தானே பேசும். நீ பக்கத்தில் நின்றால் என் காது வரை வருவாயா, தோள் வரையா? காது என்று நினைத்தேன். உடனே, இல்லை, தோளில் அல்லவா தலையைச் சாய்ப்பாள் என்று தோன்றியது. தோளில் சாய்வதற்கு எவ்வளவு குனிவாய் என்று தெரியவில்லை. ஸ்டூலின் மேல் நின்றுகொண்டு இதை யோசிக்கிறவனை வகுப்பு மொத்தமும் வாயைப் பிளந்து பார்க்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒன்றும் பேசக்கூட வேண்டாம், சும்மா பக்கத்தில் வந்து நின்றால் போதும் என்றிருந்தது. முதல் பெஞ்சிலிருந்து வாலு, "வெட்டிடாதப்பா" என்றாள். வெட்டவில்லை. இறங்கி வந்து, மேனேஜரிடம் துணி தண்ணீர் பட்டுச் சுருங்கிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவர் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஆகவே நீ யோசிக்காமல் கையெழுத்துப் போடு. இரண்டு வருஷம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். குழந்தை படிப்பில் கெட்டி, நான் சமையலில் தேறிவிட்டேன், எதிர்வீட்டு அக்கா தவறாமல் எட்டிப் பார்க்கிறாள். உன் வார்டில் இருமல்கள் குறையட்டும், உன் கால்வலி தீரட்டும், நீ தூங்கும்போது யாரும் மணியடித்து எழுப்பாமல் இருக்கட்டும். வாலு முத்தம் சொல்லச் சொன்னாள். நானும்தான்.

இப்படிக்கு,
உன் அளவு தெரியாத உன் தையல்காரன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது வாலு வந்து நின்றாள். "அம்மாக்கு நான் எவ்வளவு உயரம்னு தெரியுமாப்பா?" என்று கேட்டாள். "அதற்கென்ன, உனக்கு இன்னொரு பட்டை வெட்டி இதோடு வைத்து அனுப்பிவிடலாம், அம்மா பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்" என்றேன். "வேணாம்ப்பா. அது போய்ச் சேர்றதுக்குள்ள நான் வளந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். ஒரு குறையும் இல்லை என்று மேலே எழுதியதெல்லாம் சுத்தப் பொய். கையெழுத்துப் போடாதே. கிளம்பி வா.