இருபோகம் விளைந்த டென்னிஸ் கோர்ட்

குடியிருப்புச் சட்டத்தின்படி, மிராசுதார் ஒருவரின் நிலத்தில் குடிசை போட்டு, குறிப்பிட்ட நாளன்று அதில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம். விவசாயத் தொழிலாளி என்றால் யார் என்பதிலும் பெரிய குழப்பம் இல்லை. உழுகிறவர், நடுகிறவர், களை எடுக்கிறவர், அறுக்கிறவர் எல்லாரும் அதில் வருவார்கள். மிராசுதாருக்குப் பக்கத்தில் நின்று டென்னிஸ் ஆடுகிறவர் வருவாரா என்பது பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. எழுதியவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வலங்கைமானுக்குக் கிழக்கே டபுள்ஸ் என்று ஒரு மனிதர் இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இரட்டையர் டென்னிஸை மட்டுமே பிழைப்பாகக் கொண்டு, ஒரே ஜோடியுடன், ஒரே கோர்ட்டில், அதிலும் இடதுபக்கத்துப் பாதியில் மட்டும் முப்பது வருஷம் ஆடியவர் இந்தப் பூமியில் அவர் ஒருவர்தான். மறுப்பு உள்ளவர்கள் ஆதாரத்துடன் எழுதலாம். பெற்றுக்கொண்டதற்கு ரசீது அனுப்புவேன். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தது. ஆனால் ஓட்டுச் சாவடியில் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது அவரே பின்னால் திரும்பி யார் என்று தேடினார். ஊருக்கும் அவருக்கும் அவர் டபுள்ஸ்தான்.

பல கிராமங்கள் சேர்ந்த அந்தப் பிர்க்காவுக்கு நான் ரெவின்யூ இன்ஸ்பெக்டராகப் போய்ச் சேர்ந்தபோது கதை பாதி நடந்து முடிந்திருந்தது. மிராசுதார் இளவயதில் சென்னைக்குப் படிக்கப் போய், பட்டம் வாங்காமல் ஒரு டென்னிஸ் மட்டையோடு திரும்பி வந்தவர். வந்த கையோடு, வாய்க்காலின் முதல் தண்ணீர் பாயும் தலைமடை வயலில் மண்ணைக் கொட்டி நிரப்பி கோர்ட் போட்டார். தலைமடை வயலை மண் போட்டு மூடுவது எங்கள் பக்கத்தில் கொலைக்கு ஒரு படி கீழே. ஊர் ஒரு மாதம் துக்கம் கொண்டாடியது.

கோர்ட் வந்துவிட்டது, ஆள் வரவில்லை. டிஸ்பென்சரி டாக்டர் ஒருவர், பாசன இன்ஜினீயர் ஒருவர், மிராசுதார், ஆக மூன்று பேர்தான். நாலாவது ஆளுக்கு மிராசுதார் சுற்றுமுற்றும் பார்த்தபோது, கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பண்ணையாள் கண்ணில் பட்டார்.

"இந்தா, இதைப் புடிச்சிக்கிட்டுச் சும்மா நில்லு. எல்லாத்தையும் நான் அடிச்சிக்கிறேன்" என்று மட்டையைக் கையில் கொடுத்தார். டபுள்ஸுக்குக் கிடைத்த டென்னிஸ் பயிற்சி மொத்தமும் அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வயல் வேலை கிடையாது. கோர்ட்டைப் பராமரிப்பதும் சாயங்காலம் ஆடுவதும்தான் உத்தியோகம். கோர்ட்டின் ஓரத்திலேயே குடிசை.

இரட்டையர் ஆட்டத்தில் பெரிய தகராறு நடுவில் வரும் பந்துதான். இருவரும் ஓடினால் மண்டை இடிக்கும், இருவரும் விட்டால் பாயிண்ட் போகும். அதனால் ஒருவர் முந்திக்கொண்டு "என்னுது" என்றோ "உன்னுது" என்றோ குரல் கொடுக்க வேண்டும். மிராசுதார் எல்லாப் பந்துக்கும் "என்னுது" என்பார். நடுவில் வருவதற்கு மட்டுமல்ல, டபுள்ஸின் மூக்குக்கு நேரே வருவதற்கும் என்பார். நெட்டுக்கு அந்தப்பக்கம் போய்க்கொண்டிருந்த பந்தை ஒருமுறை "என்னுது" என்று கூவியதை நானே கேட்டிருக்கிறேன். சொல்லிவிட்டு ஓடுவார், எட்டாது. அதற்குள் டபுள்ஸ் அவர் முதுகுக்குப் பின்னால் பூனை மாதிரி ஓடி, பந்தைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தன் இடத்துக்கு வந்து ஒன்றும் தெரியாதவர் போல நிற்பார். பாயிண்ட் கிடைத்ததும் மிராசுதார் மீசையைத் தடவிக்கொள்வார். தானே அடித்ததாக அவர் உண்மையாகவே நம்பினார் என்பது என் முடிவு.

முதலில் வந்த இன்ஜினீயர் போட்டுவிட்டுப் போன ஒரு வழக்கமும் இருந்தது. கோர்ட்டுக்குள் ஜோடியை 'பார்ட்னர்' என்றுதான் கூப்பிட வேண்டும். மிராசுதார் இதற்கு எப்படிச் சம்மதித்தார் என்பது தெரியவில்லை. ஒருவேளை சென்னையிலும் அப்படித்தான் என்று யாரோ சொல்லியிருக்கலாம். சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே டபுள்ஸ் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "ஆண்டே" என்பார். கோட்டைத் தாண்டி உள்ளே ஒரு கால் வைத்ததும் துண்டு தலைக்குப் போகும், "வாங்க பார்ட்னர்" என்பார். ஆட்சி மாறி, விவசாயத் தொழிலாளர் சங்கம் வளர்ந்து, ஊரில் 'ஆண்டே' ஒழிந்து 'ஐயா' வந்தது பெரிய மாற்றம் என்று எல்லாரும் பேசினார்கள். எழுபத்தெட்டடிக்கு முப்பத்தாறடி நிலத்தில் அது அதற்கு முன்பே ஒழிந்திருந்தது.

இதனால் அவர் தன் கோரிக்கைகளைக் கோட்டுக்குள் நின்றுதான் வைப்பார். கூரைக்குக் கீற்று வேண்டும், மனைவிக்குக் காய்ச்சல், மச்சான் கல்யாணத்துக்கு லீவு வேண்டும், எல்லாமே இரண்டு சர்வீஸுக்கு நடுவில்தான். மிராசுதார் வெளியே போகப் பார்த்தால், "பார்ட்னர், கேம் முடியலீங்க" என்று நிறுத்திவிடுவார்.

ஒரு தடவை புதுக் கலெக்டர் முகாமுக்கு வந்தார். மிராசுதாருக்கு ஜுரம். சரி, நாம் இருவர் மட்டும் ஆடுவோம் என்று கலெக்டர் டபுள்ஸை அழைத்தார். டபுள்ஸ் பணிவாகப் போய்த் தன் இடதுபாதியில் நின்றுகொண்டார். அந்தப் பாதிக்கு வந்த பந்தெல்லாம் அம்பு மாதிரி திரும்பிப் போயிற்று. வலதுபாதிக்கு வந்ததை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கலெக்டர் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டு வலதுபக்கமாகவே அடித்து அமோகமாக ஜெயித்தார்.

"ஏன் அந்தப் பக்கம் ஓடவே மாட்டேங்கிறீங்க?" என்று கோட்டுக்கு வெளியே வந்ததும் கேட்டார்.

"அது ஐயா பக்கங்க. ஜுரம் சரியானதும் வந்துடுவாங்க."

சைக்கிளிலும் அவர் தனியாகப் போனதில்லை. பின்னால் ஆள் இல்லாவிட்டால் பாலன்ஸ் வராது என்பார். வழியில் நடந்து போகிற யாரையாவது கெஞ்சி ஏற்றிக்கொள்வார். சைக்கிளில் இருவர் போவது குற்றம் என்று விதி இருந்த காலம். அந்த விதியை நன்றாகத் தெரிந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர், அவருடைய கேரியரில் உட்கார்ந்தபடி கான்ஸ்டபிளிடம் பிடிபட்டார். அவர் பெயரை நான் வெளியிடுவதாக இல்லை.

அறுவடைக் கூலிக்காகச் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்த வருஷம். அப்போதெல்லாம் கதிர் முற்றும்போதே ஊர் முனையில் போலீஸ் லாரி வந்து நின்றுவிடும். வெளியூர் ஆள் இறங்கினால் அரிவாள் நெல்லோடு நிற்காது என்று எல்லோருக்கும் தெரியும். சங்கச் செயலாளர் சிவப்புத் துண்டோடு கோர்ட்டுக்கு வந்து, மிராசுதாருக்கு யாரும் வேலை செய்யக் கூடாது, நீயும்தான் என்றார். டபுள்ஸ் இரவெல்லாம் யோசித்தார் போலிருக்கிறது. மறுநாள் சாயங்காலம் மட்டையோடு தன் பாதியில் வந்து நின்றார். ஆனால் ஒரு பந்தையும் தொடவில்லை.

"என்னய்யா, ஸ்ட்ரைக்கா இல்லியா?" என்றார் செயலாளர் வேலிக்கு வெளியிலிருந்து.

"ஸ்ட்ரைக்குதாங்க தோழர். அடிக்கிறதுதான் வேலை. நிக்கிறது வேலை இல்லீங்க. ஜோடிய விட்டுட்டு எப்புடிப் போறது?"

"அப்ப நீ கூலி ஆளா, அவரு ஆளா?"

"நான் கூலி ஆளு இல்லீங்க. டபுள்ஸ் ஆளு."

அந்த வேலைநிறுத்தம் முடிகிற வரை மிராசுதார் "என்னுது, என்னுது" என்று தனியாக ஓடித் தோற்றார். முதுகுக்குப் பின்னால் பந்துகள் திரும்பாமல் போனதில் அவருக்கு ஏதாவது புரிந்ததா என்று அப்போது சொல்ல முடியவில்லை.

குடியிருப்புச் சட்டம் வந்தபோது செயலாளர் இந்தப் பேச்சை மறக்கவில்லை. மனைக்குத் தகுதியானவர்கள் பட்டியலைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். அப்போது நான் துணைத் தாசில்தார், அந்தச் சட்டத்துக்கு விசாரணை அதிகாரி. பட்டியலில் டபுள்ஸ் இல்லை. கேட்டதற்கு, "அவரு கூலி ஆளு இல்லேன்னு அவரே சொல்லிட்டாரு சார். நாங்க என்ன பண்றது?" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

அதே சமயத்தில் மிராசுதாரின் மருமகன் கோர்ட் இருக்கும் இடத்தில் ரைஸ் மில் கட்டத் திட்டம் போட்டு, செங்கல்லும் இறக்கிவிட்டார். குடிசை நின்ற இடம் நெல் காயவைக்கும் களம் ஆகப் போகிறது. ஆடி கழிந்ததும் பிரித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மிராசுதாருக்கு மூட்டுவலி. மட்டையைத் தொட்டு இரண்டு வருஷம். வீட்டு விஷயம் எல்லாம் மருமகன் கையில்.

நான் கிராமக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சர்வே நம்பரிலும் ஒவ்வொரு போகத்திலும் என்ன பயிர் என்று கர்ணம் எழுதும் பதிவேடு அடங்கல். வயலுக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. எங்கள் கர்ணம் வீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டு, போன வருஷத்து அடங்கலைப் பார்த்து இந்த வருஷத்து அடங்கலை எழுதுகிறவர். அவருக்கு முன்னால் அவர் அப்பாவும் அப்படியே. ஆகவே அரசாங்கக் கணக்கில் அந்தத் தலைமடை வயல் வயலாகவே இருந்தது. டென்னிஸ் கோர்ட்டில் முப்பது வருஷமாக, ஒரு வருஷம் தவறாமல், குறுவையும் தாளடியும் அமோகமாக விளைந்திருந்தன.

இதைத் தணிக்கை செய்து, நேரில் பார்வையிட்டேன், சரி என்று கையெழுத்துப் போட்டிருந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர்களில் ஏழு வருஷத்துக்காரன் நான். நேரில் பார்வையிட்டது பொய் இல்லை. அந்த கோர்ட்டின் ஓரத்தில் நாற்காலி போட்டு, மிராசுதார் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டு, ஆட்டத்தைப் பார்த்தபடியேதான் கையெழுத்துப் போட்டேன்.

நெல் விளைந்தது அரசாங்க உண்மை என்றால், அங்கே முப்பது வருஷம் வேலை செய்தவர் யார்? விசாரணையை டென்னிஸ் கோர்ட்டின் ஓரத்திலேயே வைத்தேன்.

"இந்த நெலத்துல தினம் என்ன வேலை செய்வீங்க?"

"காலையில தண்ணி தெளிப்பேங்க."

நீர் பாய்ச்சுதல் என்று எழுதினேன்.

"சாணி கரைச்சு மொழுகுவேன். மேடு பள்ளம் இருந்தா மண்ணு கொட்டி மட்டம் பண்ணுவேன்."

எருவிடுதல், நிலம் சமன் செய்தல்.

"புல்லு மொளைச்சா புடுங்குவேன். அப்புறம் சுத்திலும் கோடு போடுவேங்க."

களையெடுத்தல். கொஞ்சம் யோசித்து, வரப்பு அமைத்தல் என்றும் எழுதினேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த செயலாளர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். பிறகு சாட்சிக் கையெழுத்தும் போட்டார்.

மனுவில் கையெழுத்துப் போடச் சொன்னபோதுதான் டபுள்ஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐயாவுக்கு எதிர்ல மனு போடுறதாங்க? எதிர்ல நின்னா அது சிங்கிள்ஸ் ஆயிடும். நான் சிங்கிள்ஸ் ஆடுறதில்லீங்க."

குடிசை வாசலில் நின்ற அவர் மனைவி இறங்கி வந்தார். "முப்பது வருஷம் பக்கத்துல நின்னீங்களே, ஒரு பந்தாவது உன்னுதுன்னு விட்டிருக்காரா அந்த மனுசன்?" என்றார்.

டபுள்ஸ் குனிந்து, சுண்ணாம்புக் கோட்டின் ஓரத்தில் முளைத்திருந்த ஒரு புல்லைப் பிடுங்கினார்.

மனு இல்லாவிட்டால் அதிகாரி தானாகவே நடவடிக்கை எடுக்கலாம் என்பது விதி. எடுத்தேன். மிராசுதாருக்கு நோட்டீஸ் போயிற்று. அதன் கீழே 'நில உரிமையாளரின் ஆட்சேபம்' என்று ஒரு கட்டம். பதில் வரவில்லை. நினைவூட்டு ஒன்று. நினைவூட்டு இரண்டு. கெடு முடிந்தால் பதில் இல்லாமலே உத்தரவு போடலாம். அதுவும் விதிதான். போடப் போகிறேன் என்றதும் டபுள்ஸ் வலங்கைமானில் இருந்த என் ஆபீஸ் வரை பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு சைக்கிளில் வந்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார். இது நடுவுல வந்த பந்து. ஐயா கூப்பிடாம நான் தொட மாட்டேங்க."

சர்வீஸில் முதல் தடவையாக ஒரு கோப்பைக் காரணம் எழுதாமல் நிறுத்தி வைத்தேன். ஆடி முழுக்க அவர் தினமும் சாயங்காலம் சுண்ணாம்புக் கோடு போட்டு, செங்கல் அடுக்குகளுக்கு நடுவே தன் பாதியில் மட்டையோடு நின்றார். பந்தும் கிடையாது, எதிராளியும் கிடையாது. மிராசுதார் மாடி ஜன்னலில் தெரிந்தார் என்றார்கள். இறங்கி வரவில்லை.

ஆடி முடிந்தது. ஒரு நாள் காலை டபுள்ஸ் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். துண்டு தலையில் இருந்தது. கையில் நான் மிராசுதாருக்கு அனுப்பிய நோட்டீஸ். ஆட்சேபக் கட்டத்தில் நடுங்கிய பென்சில் எழுத்தில் ஒரே ஒரு சொல்: 'உன்னுது.'

"பார்ட்னர் கூப்பிட்டுட்டாருங்க" என்றார் டபுள்ஸ்.

தாலுகா ஆபீஸில், எந்தச் சுண்ணாம்புக் கோடும் இல்லாத இடத்தில் நின்று அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

பென்சிலில் எழுதிய பதிலை ஏற்கக் கூடாது. கையெழுத்து இல்லாத பதிலை ஏற்கவே கூடாது. இரண்டு விதியும் எனக்கு மனப்பாடம். ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் கொஞ்சம் பலமாகவே குத்தி, கண் கலங்கியதில் கோடு தாண்டிப்போன எழுத்தில் நிரப்பினேன்: பதில் பெறப்பட்ட நாள், ஆவணி இரண்டு, வெள்ளிக்கிழமை.